இரண்டு குரலுக்கு ஒரு கம்பெனி

எந்தக் கம்பெனிக்குப் பாடுவது என்று நாங்கள் யோசிக்கும் நிலைமை வந்தபோது நான் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் அறுபதைத் தாண்டியிருந்தார். அதுவரை யோசித்ததெல்லாம் கம்பெனிதான். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, என்றைக்கு வர வேண்டும், அட்டையில் யார் படம், எல்லாம் அவர்கள் முடிவு. நாங்கள் பாடிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து உலை வைப்போம்.

நாத்தனார் என்று எழுதுகிறேனே தவிர, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என் கணவருக்கு அக்கா. நான் கல்யாணமாகி ஒதியம்பட்டு வந்தபோது அவர் ஏற்கெனவே பாகூரில் வாழ்க்கைப்பட்டு, புகுந்த வீட்டு மளிகைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் கரும்பும் நெல்லும். அவர் வீட்டில் பருப்பும் புளியும். எனக்கு வளைகாப்பு நடந்த அன்று யாரோ என்னைப் பாடச் சொன்னார்கள். ஓர் அம்மன் பாட்டை நல்ல உச்சத்தில் எடுத்தேன். இரண்டாவது அடியில் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கீழே வந்து சேர்ந்தது. கனமான, கரகரத்த, ஆனால் சுருதி விலகாத குரல். இரும்பு கேட்டை யாரோ மெதுவாகத் திறக்கிற மாதிரி இருக்கும் என்று என் மாமனார் தன் மகளையே கேலி செய்வார். எனக்கு அன்று அப்படித் தோன்றவில்லை. அதுவரை தரையே இல்லாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன் என்றுதான் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி கையில் சந்தனக் கிண்ணத்தோடு, என்னைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.

அப்போது புதுச்சேரி டவுனில் ஒருவர் ஆடி மாதத்துக்கென்றே அம்மன் பாட்டு கேசட் போடுவார். ஒரு கும்பாபிஷேகத்தில் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். மாடியில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் நார் மெத்தையை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ஒரே மைக்கின் முன்னால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வியர்வை வழிய வழியப் பாடினோம். பாட்டுக் கட்டுவது அண்ணி. கடையில் மிளகாய் நிறுத்துப் போடும்போதே நாலு அடி கட்டிவிடுவார். அதற்கு மெட்டுப் பிடிப்பது நான்.

கேசட் வந்தது. அட்டையில் அம்மன் படம். அது சரிதான். பின்பக்கம் இசை, ஒலிப்பதிவு, வெளியீடு என்று ஆளாளுக்குப் பெயர் இருந்தது. பாடியவர்கள் என்ற இடத்தில் மட்டும் ‘குழுவினர்’ என்று போட்டிருந்தது. அண்ணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு பேரு சேந்தா குழுவாடி?” என்றார்.

போய்க் கேட்டோம். “பொம்பளைங்க பேரு போட்டா வூட்டுல பிரச்சனை வரும்மா, அதான் விட்டுட்டேன்” என்றார் கேசட்காரர். எந்த வீட்டில் என்று சொல்லவில்லை. அடுத்த கேசட்டிலும் குழுவினர்தான். அதற்கு அடுத்ததிலும்.

கேசட் போய் சிடி வந்தது. சிடி போய் மெமரி கார்டு வந்தது. கேசட்காரர் கடையை மூடிவிட்டு, பாட்டுகளை மொத்தமாகச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். ஆடி பிறந்தால் வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் எங்கள் குரல் ஒலிபெருக்கியில் கேட்கும். ஒருமுறை தனியார் பஸ்ஸில் எங்கள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், “இத்தப் பாடுனவங்க எப்பவோ செத்துட்டாங்களாம்” என்றாள். “ஒருத்தி உன் பக்கத்துலதான் குந்திக்கினு இருக்கா” என்றேன். அவள் நம்பவில்லை. இறங்கும்போது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நடுவில் அண்ணிக்குத் தைராய்டில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. கட்டி நல்ல கட்டிதான், பயமில்லை என்றார்கள். ஆனால் தையல் பிரித்த பிறகு அவர் பேசியபோது கடைக்கு வந்தவர்களே திடுக்கிட்டார்கள். கீழே இருந்த குரல் இன்னும் கீழே போயிருந்தது. ஓரம் கிழிந்த மாதிரி ஒரு காற்றுச் சத்தமும் கூடவே வந்தது. நீட்டிப் பாட மூச்சு நிற்கவில்லை. கொஞ்ச காலம் அவர் பாட்டைப் பற்றிப் பேசவேயில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் போனில், “ஏய், புதுசா ஒண்ணு கட்டிக்கீறேன், கேளு” என்று ஆரம்பித்துவிட்டார்.

போன வருடம் பாகூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நலங்கு வைக்கும்போது எங்கள் இரண்டு பேரையும் பாடச் சொன்னார்கள். பாடினோம். யாரோ போனில் படம் பிடித்து நெட்டில் போட்டுவிட்டார்கள். பட்டுப்புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக இரண்டு கிழவிகள், ஒருத்தி கீச்சென்று, ஒருத்தி கரகரவென்று. அது எங்கெங்கோ போனது. துபாயில் இருக்கிற தம்பி மகன் கூப்பிட்டு, “அத்த, நீ ஃபேமஸ் ஆயிட்ட” என்றான். கல்யாண மாப்பிள்ளையின் முகமே அந்த வீடியோவில் பாதிதான் தெரிந்தது. அவருக்கு வருத்தம்.

அப்புறம்தான் போன் வர ஆரம்பித்தது. முதலில் வந்தது அந்தச் சென்னைக் கம்பெனியிடமிருந்து. ஒரு பெண் பேசினாள். என் மகள் வயதிருக்கும். மரியாதையான குரல். எங்கள் பழைய பாட்டெல்லாம் தங்களிடம் இருப்பதாகவும், பாடியவர்களைப் பல வருடமாகத் தேடுவதாகவும், புதிதாக ஓர் ஆல்பம் செய்யலாம் என்றும் சொன்னாள். குழுவினர் என்று போட்டால் எப்படித் தேடுவது, பாவம்.

அண்ணியும் நானும் சென்னை போனோம். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. ஏசி அவ்வளவு குளிர். அண்ணி முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். அந்தப் பெண் காபி வரவழைத்துக் கொடுத்து, எங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நடிப்பில்லை, அவள் அம்மா எங்கள் பாட்டைப் போட்டுத்தான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாளாம்.

“அம்மா, ஒரு சேம்பிள் பண்ணி வெச்சிருக்கோம். கேளுங்க” என்றாள்.

கல்யாண வீடியோவிலிருந்து எடுத்த அதே பாட்டு. பின்னால் டிரம்ஸ், வயலின் எல்லாம் சேர்த்திருந்தார்கள். என் குரல் வந்தது. எனக்கே ஆச்சரியம், இருபத்தைந்து வயதில்கூட நான் அவ்வளவு வழவழவென்று பாடியதில்லை. அப்புறம் இன்னொரு குரல் சேர்ந்தது. மெல்லிய, இனிமையான குரல். அண்ணி தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். பாட்டு முடிந்ததும் கேட்டார்:

“நல்லா இருக்குது. கூடப் பாடுறது யாரு?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணியிடம், “நீங்கதாம்மா” என்றாள். “கொஞ்சம் ட்யூன் பண்ணியிருக்கோம். பிட்ச்சைத் தூக்கி, அந்தக் கரகரப்பை எடுத்துட்டோம்.”

அண்ணி காபி தம்ளரை எடுத்து மீதியைக் குடித்தார்.

பிறகு அந்தப் பெண் மெதுவாக விளக்கினாள். இப்போது எல்லோரும் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். முதல் சில விநாடியில் பிடிக்கவில்லையென்றால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். கரகரப்பான குரலைக் கேட்டால் பதிவுதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் சொன்னது பொய்யாக இருக்காது. அவளுக்கு அதுதான் வேலை. கடைசியில் இரண்டு வழி சொன்னாள். ஒன்று, இரண்டு குரலையும் இந்த மாதிரி திருத்துவது. இல்லையென்றால் நான் மட்டும் தனியாகப் பாடுவது. தனியாகப் பாடினால் பெயர் பெற்ற ஓர் இசையமைப்பாளர் இருக்கிறார், என் பெயர், என் முகம் எல்லாம் அட்டையில் பெரிதாக வரும் என்றாள்.

திரும்பி வரும்போது அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். திண்டிவனம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே, “நீ போய்ப் பாடு” என்றார்.

“அண்ணி…”

“இன்னா அண்ணி? எனக்குத் தொண்டை போச்சி. உனக்குப் போவல. போய்ப் பாடு. நான் கட்டித் தர்றேன், நீ பாடு.”

எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். வாழ்நாள் முழுக்கக் குழுவினராக இருந்தவளிடம் உன் பெயரைப் பெரிதாகப் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் மனசு ஆடத்தான் செய்யும். ஒரு வாரம் ஆடியது. கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சேம்பிளில் கேட்ட மாதிரி வழவழவென்று பாடிப் பார்த்தேன். பாதியில் வழக்கம்போல நிறுத்தினேன். அது அண்ணி சேருகிற இடம். அங்கே ஒன்றும் வரவில்லை. நான் மேலே போனேன். மேலே நிற்கவும் முடியவில்லை, இறங்கவும் தெரியவில்லை.

அன்று மத்தியானமே சென்னைக்குப் போன் செய்து, முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் வருத்தப்பட்டாள். யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். யோசித்துவிட்டேன் என்றேன்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அண்ணி கடையைப் பூட்டிவிட்டு ஒதியம்பட்டுக்கே வந்துவிட்டார். திருவிழாவுக்குக்கூடக் கடையைப் பூட்டாதவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“யாரைக் கேட்டுடி வேணாம்னு சொன்ன?”

“உள்ள வாங்க அண்ணி.”

“உள்ள வர்றது இருக்கட்டும். எனக்காக வுட்டியா? நான் உன்கிட்ட பிச்சை கேட்டனா? ஊருல நாளைக்கு இன்னா சொல்லுவாங்க? நாத்தனாளுக்குத் தொண்டை போச்சி, அதனால நல்ல வாய்ப்ப வுட்டுட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு அது தேவையா?”

என் கணவர் கொட்டகையில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். அக்காவின் சத்தம் கேட்டதும் இன்னும் கொஞ்சம் நிதானமாகக் கலக்க ஆரம்பித்தார்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “நீங்க ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் போடல. உங்களுக்காக வுட்டேன்னு யாரு சொன்னா? எனக்காக வுட்டேன். நீங்க கீழ நிக்கலன்னா நான் மேல எங்க போய் நிக்கறது? அந்தரத்துலயா? கொல்லையில பாடிப் பார்த்தேன். நல்லா இல்ல. எனக்கே புடிக்கல. எனக்குப் புடிக்காதத நான் எதுக்குப் பாடணும்?”

நான் அண்ணியிடம் அதற்கு முன் குரலை உயர்த்தியதில்லை.

“நெஜமா நல்லா இல்லியா?” என்றார்.

“மொட்டையா இருக்குது.”

“ம்.” உள்ளே வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். “தண்ணி குடு. வெயில்ல வந்துக்கீறேன்.”

அதோடு சென்னைப் பேச்சு முடிந்தது. இரண்டாவது கம்பெனி தானாகவே அண்ணியின் கடை வாசலைத் தேடி வந்தது; அன்று நானும் என் கணவரும் அங்கே இருந்தோம்.

டவுனில் கடற்கரைப் பக்கம் பழைய வீடு ஒன்றில் ஒருவர் சின்னதாக ஓர் இசைக் கம்பெனி வைத்திருந்தார். புதுச்சேரிக்காரர்தான், பிரான்சில் வளர்ந்து திரும்பி வந்தவர். கறுப்பு இசைத்தட்டு போட்டு வெளிநாட்டில் விற்கிறாராம். மறுபடியும் இசைத்தட்டா என்று என் கணவர் சிரித்தார். அந்தக் காலத்துத் தட்டு இப்போது அங்கே புது மோஸ்தர் என்று வந்தவர் விளக்கினார்.

கல்யாண வீடியோவில் அவருக்குப் பிடித்தது அண்ணியின் குரல். அதைச் சொல்லியே ஆக வேண்டும். “இந்தக் குரல் மாதிரி நான் எங்கயும் கேட்டதில்ல. ஒரு சின்ன சத்தத்தைக்கூட மாத்த மாட்டேன்” என்றார். அண்ணிக்குக் கண் கலங்கியது. கடைப் பையனை விட்டு கலர் சோடா எடுத்துவரச் சொல்லாமல், தானே எழுந்து போய் கூலரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணி அப்படி யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை. இதுதான் நம் கம்பெனி என்று நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

பாகூர் ஏரிக்கரையில் வைத்துப் பதிவு செய்யலாம் என்றார். சரி என்றோம். கீபோர்டு, பம்பை எதுவும் வேண்டாம், வெறும் குரல் போதும் என்றார். யோசித்தோம், அதற்கும் சரி என்றோம். சொன்ன நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனோம். அவர் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

“இந்தப் புடவை வேண்டாமே. வீட்டுல கட்டுற பழைய காட்டன் புடவை இருக்குமா?”

“எதுக்குப்பா?” என்றார் அண்ணி.

“போட்டோ எடுக்கணும். இயல்பா இருக்கட்டும்னு. கண்ணாடியும் வேண்டாம். செருப்பைக் கழட்டிட்டு, வயல்ல இறங்கி நின்னீங்கன்னா நல்லா இருக்கும்.”

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாக இல்லை. கடையில் வாடிக்கையாளர் தப்பான சாமானைக் கேட்டால் பார்க்கிற பார்வை.

“தம்பி, நான் கடை வெச்சிருக்கேன். இவ வூட்டுல கரும்பு போடுறாங்க, ஆளு வெச்சி நடுறாங்க. பாடுறதுன்னா நாங்க பட்டு கட்டிக்கினுதான் பாடுவோம். சேத்துல நின்னு பாடுனதே கிடையாது. கண்ணாடி இல்லன்னா இவளுக்கு என் மூஞ்சியே தெரியாது, எப்ப மூச்சு வாங்குறேன்னு எப்படிப் பார்ப்பா?”

அவர் ஒப்புக்கொண்டார். புடவை இருக்கட்டும் என்றார். பிறகு அட்டையை எப்படிச் செய்யப்போகிறார் என்று தன் போனில் காட்டினார். சுருக்கம் விழுந்த இரண்டு கைகள். யார் கையோ, மாதிரிக்கு வைத்திருந்தார். எங்கள் கையை இதேபோல எடுத்து, பெரிதாக, கறுப்பு வெள்ளையில் போடப்போவதாகச் சொன்னார். ரொம்ப அழகாகத்தான் இருந்தது.

“மூஞ்சி?” என்று கேட்டேன்.

“கை மட்டும் இருந்தா ஒரு மர்மம் இருக்கும். கேக்கறவங்க கற்பனை பண்ணிக்குவாங்க.”

அண்ணி சிரித்துவிட்டார். “இம்மாம் நாளா சாமி மூஞ்சியைப் போட்டாங்க. இப்ப கையா? கழுத்துக்கு மேல எங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்களா?”

அவர் முகம் சிவந்தது. வேண்டுமானால் உள்ளே ஒரு சின்னப் படம் போடலாம் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு வேண்டியது அவர் நினைத்து வைத்திருந்த இரண்டு கிழவிகள். அந்தக் கிழவிகள் நாங்கள் இல்லை. சென்னைக்காரி எங்களை இளசாக்கப் பார்த்தாள். இவர் எங்களைக் கிழடாக்கப் பார்த்தார். அன்று ஏரிக்கரையில் ஒரு பாட்டு மட்டும் பாடினோம். அவருக்காக, பதிவுக்கில்லை என்று சொல்லிவிட்டுப் பாடினோம். அவர் மெஷினை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “ரெண்டு கம்பெனியும் போச்சா? அம்மாடி, உங்க கிராக்கிக்கு இனிமே அமெரிக்காவுல இருந்துதான் ஆள் வரணும்” என்றார்.

“வரட்டும். வந்தாலும் இதத்தான் சொல்லுவோம்” என்றேன்.

யாரும் வரவில்லை. அண்ணிதான் ஒரு யோசனை சொன்னார். திருக்கனூரில் ஒருவர் ஒலிபெருக்கி, சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவர். எங்களைவிடப் பத்து வயது சின்னவர். திருவிழாவுக்கெல்லாம் செட் போட்டு, அவரே பக்திப் பாட்டு பதிவு செய்து தன் பெயரில் ஒரு சேனல் நடத்திக்கொண்டிருந்தார். போனில் பாட்டுக் கேட்கிற எல்லா ஆப்பிலும் வெளியிட ஏற்பாடு வைத்திருந்தார். எங்கள் பழைய பாட்டுகளை ஊர் ஊராகப் போட்டவர் அவர்தான்.

“அவன் கூப்பிடலியே அண்ணி” என்றேன்.

“கூப்புட்டாத்தான் போவணுமா? கடைக்குப் போறோம். சரக்கு கேக்கறோம். பிடிச்சா வாங்கறோம்.”

திருக்கனூர் சந்தை நாளில் போனோம். அவர் கொட்டகையில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஒரு பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. “நாங்க புதுசாப் பாடப்போறோம். நீதான் வெளியிடப்போற. பாட்டு எங்களுது. நீ வெளியிடலாம், யாருக்கும் விக்கக் கூடாது. குரல்ல கை வைக்கக் கூடாது. அட்டையில எங்க ரெண்டு பேரு மூஞ்சி, ரெண்டு பேரு பேரு. சரியா?”

அவர் தலையைச் சொறிந்தார். “இன்னாக்கா, கம்பெனி நானா, நீங்களா?”

“நீதான்பா கம்பெனி. அதான் வந்து கேக்கறோம்.”

“எனக்கு இன்னா லாபம்?”

“ஆடியில ஊரு ஊரா செட் போடுற. யாரு பாட்டையோ போடுற. உன் பாட்டுன்னு சொல்லிப் போட உனக்கு ஆசையா இல்லியா?”

ஆசை இருந்தது. ஒப்புக்கொண்டார். வரும் லாபத்தில் பங்கு என்று பேசி ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அவர் கொட்டகையில் டீ நன்றாக இருந்தது.

பதிவு வில்லியனூரில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த ஸ்டுடியோவில். கீழேயிருந்து பன் வேகும் வாசனை வந்துகொண்டேயிருந்தது. பழைய மாதிரி ஒரே மைக் இல்லை. ஆளுக்கு ஓர் அறை, காதில் ஹெட்போன். அண்ணி முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். “இவ பக்கத்துல இல்லாம எனக்கு வராது” என்றார். ஸ்டுடியோக்காரர், ஒரே மைக்கில் பாடினால் பிறகு தனித்தனியாகச் சரி செய்ய முடியாது என்றார். “சரி செய்ய வேணாம்னுதானே சொல்றோம்” என்று திருக்கனூர் ஸ்பீக்கர்காரர் முந்திக்கொண்டார். அப்போது அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

தோளோடு தோள் நின்றோம். அண்ணியின் மூச்சுக்குத் தக்கபடி மெட்டை மாற்றியிருந்தேன். அவர் கீழே ஆரம்பிப்பார். மூச்சு தீரும் இடத்தில் நான் எடுத்துக்கொள்வேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடியில் வந்து சேருவார். அந்த மூச்சுச் சத்தமும் பதிவாகியிருந்தது. கேட்டுப் பார்த்தபோது ஸ்பீக்கர்காரருக்கே மனசு கேட்கவில்லை. “அக்கா, இத மட்டும் எடுத்துடலாமா? யாரோ மாடிப்படி ஏறுற மாதிரி கேக்குது” என்றார்.

“ஏறித்தான் வந்துக்கீறேன். இருக்கட்டும்” என்றார் அண்ணி.

அட்டைக்குப் படம் அண்ணியின் கடையிலேயே எடுத்தோம். கல்லாவுக்குப் பின்னால் இருவரும் பட்டுப்புடவையில், கண்ணாடி போட்டுக்கொண்டு. பின்னால் ஷாம்பு பாக்கெட் சரம் தொங்குவது தெரிகிறது. எங்கள் இருவர் பெயரும் படத்துக்கு மேலே, சாமி பெயரைவிடக் கொஞ்சம் சின்ன எழுத்தில். அந்த அளவுக்கு அடக்கம் எங்களுக்கு உண்டு.

ஆடியில் வெளியானது. அதே ஆடியில் சென்னைக் கம்பெனியும் எங்கள் பழைய பாட்டு ஒன்றை, அண்ணி கட்டிய பாட்டை, ஒரு சின்னப் பெண்ணைப் பாடவைத்து வெளியிட்டது. அந்தப் பாட்டு கேசட்காரர் அவர்களுக்கு எழுதிக்கொடுத்தது. தட்டிக்கேட்க எங்களுக்கு வழியில்லை. நன்றாகப் பாடியிருந்தாள். எங்களுடையதைவிடப் பல மடங்கு பேர் கேட்டார்கள். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெரிய கடைக்குப் பெரிய வியாபாரம்தான் நடக்கும். என் தங்கை போன் செய்து, “பாத்தியா, நீ பாடியிருக்க வேண்டியது” என்றாள். “அவளே பாடட்டும். அவ குரலை அவங்க எதுவும் பண்ணாம இருக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் பாட்டுக்குக் கீழே பலர் எழுதியிருந்தார்கள். ஒருவர், ‘கூடப் பாடும் அந்த ஆண் குரல் யாருடையது, அருமை’ என்று கேட்டிருந்தார். அதை அண்ணிக்குப் படித்துக் காட்டத் தயங்கினேன். படித்துவிட்டேன். அவர் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி சிரித்தார். “எழுதுடி. ‘நான் பொம்பளதான். பாகூர்ல கடை வெச்சிருக்கேன். சந்தேகம்னா வந்து பாரு’ன்னு எழுது.” அப்படியே எழுதினேன். அந்த மனிதர் நிஜமாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து மனைவியோடு வந்துவிட்டார். அண்ணி அவருக்கு அரைக் கிலோ வெல்லம் விற்று அனுப்பினார்.

அந்த மாதம் பனித்திட்டில் கோயில் திருவிழா. செட் நம் ஸ்பீக்கர்காரருடையது. எங்களை நேரில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம், படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டு எல்லோரும் வந்திருந்தார்கள். கடல்காற்று மைக்கில் அடித்துக்கொண்டேயிருந்தது. இரண்டாவது பாட்டில் அண்ணிக்குத் தொண்டை அடைத்து நின்றுவிட்டது. நான் தொடராமல் நானும் நின்றேன். பம்பைக்காரர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்கள், “நிதானமாப் பாடுங்கக்கா, நாங்க எங்கயும் போவல” என்றார்கள். அண்ணி தண்ணீர் குடித்தார். மைக்கைக் கையில் வாங்கினார். “தொண்டையில கத்தி வெச்சாங்க. அதுக்கப்புறம் இப்படித்தான் நின்னு நின்னு வரும். வர்றத வெச்சிப் பாடுறேன்” என்று சொல்லிவிட்டு அதே அடியை மறுபடி எடுத்தார். எனக்கு என் இடம் வந்தபோது நான் பாடவே மறந்துவிட்டேன். அவர் முழங்கையால் இடித்தபிறகுதான் சேர்ந்துகொண்டேன்.

இப்போது அடுத்த பதிவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். அண்ணி இந்த முறை சாமிப் பாட்டு வேண்டாம் என்கிறார். ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்துப் படுக்கைக்காரி குறட்டை விட்டதைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார். கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். நடுவில் ஓர் இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். ஸ்பீக்கர்காரர் பயப்படுகிறார்.

“அக்கா, இத எந்தத் திருவிழாவுல போடுறது? யாரு கேப்பாங்க?”

“கேக்கறவங்க கேக்கட்டும்பா. நீ மைக்கப் போடு” என்கிறார் அண்ணி.

மெட்டு என் வேலை. குறட்டைக்கு எந்தத் தாளம் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் பகலில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விரலால் எண்ணிப் பார்க்கிறேன். அவருக்கு இது தெரியாது.